உப்புப் பூத்த காலை

திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான், உலகத்தில் இதைவிட லேசான வேலை உண்டா, கழுத்தை நேராக வைத்துக்கொண்டால் போதும், முன்னால் கேமரா, பூ, பின்னால் கார், காருக்குள் டெரன்ஸ், அவனுக்குப் பின்சீட்டில் தன் குட்டி நாற்காலியில் மிரியம், பிறந்து ஆறு மாதம் பதினோரு நாள், பால் குடித்து நாற்பது நிமிஷம், மூன்று சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு குல்லா, ஜன்னல் கண்ணாடி இரண்டு விரக்கடை இறக்கியிருக்கிறது, நான்தான் இறக்கச் சொன்னேன், ஹீட்டர் ஓடுகிற வண்டிக்குள் வெளிக்காற்று வர வேண்டும் என்று எங்கேயோ படித்தேன், அவன் இரண்டு விரலைக் கண்ணாடி மேல் வைத்து அளந்தே காட்டினான், "இவ்வளவு போதுமா மேடம், இல்ல ஸ்கேல் கொண்டாரட்டுமா?" வாயால் கூப்பிடும்போது ஏங்க, மனசுக்குள் அவன், கல்யாணமாகி இரண்டு வருஷமாக இப்படித்தான், அவனுக்கும் இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். காரிலிருந்து இங்கே வர நூற்றிருபது தப்படி, எண்ணிக்கொண்டேதான் வந்தேன், ஓடினால் எண்பதில் போய்விடலாம், ஓட மாட்டேன், ஓடினால் வியாழக்கிழமை ஃப்ளைட். நேற்றுச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே நானேதான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை, நாளைக் காலையில் பூவின் மேல் இருக்கிற உறைபனி உருகும்வரை நான் ஒரு தடவைகூடத் திரும்பி வந்து பிள்ளையைப் பார்க்காமல் இருந்துவிட்டால் ஊருக்குப் போகவில்லை, இங்கேயே இருக்கிறோம், வந்துவிட்டேன் என்றால் அம்மா சொன்ன மாதிரி மிரியத்தைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விடுகிறேன். டெரன்ஸ் கையில் இருந்த குட்டிச் சட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இது என்னட்டி, நேர்ச்சையா, பந்தயமா?" எனக்கே தெரியவில்லை. "அப்ப ரூல்ஸ கரெக்டா சொல்லு, நடந்து வந்தாத்தான் அவுட்டா, தலை திரும்புனாலே அவுட்டா?" தலை திரும்பினாலே, என்று சொல்லித் தொலைத்தேன். விளையாட்டாகத்தான் கேட்டான், ஆனால் அந்தச் சட்டையைத் திரும்ப எடுத்து மடிக்கும்போது நாலு தடவை மடித்துப் பிரித்தான், நாங்கள் போய்விட்டால் அவள் நடக்கப் பழகுவதை அவன் போனில்தான் பார்ப்பான்.

இன்னும் சூரியன் வரவில்லை, கிழக்கே அந்தக் கரும்பாறை மேட்டுக்கு மேல் வானம் மட்டும் வெளுத்திருக்கிறது, தரையெல்லாம் நீலச் சாம்பல், அதன் மேல் உப்பு. உப்பில்லை, உறைபனி, ஆனால் உப்பளக்காரி கண்ணுக்கு அது உப்புதான், என்ன செய்ய, அப்பா முப்பது வருஷம் அளத்தில் மேஸ்திரியாக இருந்தார், பாத்தி ஓரத்தில் காலையில் இப்படித்தான் பூத்துக் கிடக்கும், நுனி நுனியாக, தொட்டால் விரலில் ஒட்டும். போன ஜனவரியில் இந்த அரார் ஊருக்கு வந்த முதல் வாரம், காலையில் கீழே இறங்கிப் பார்த்தால் கார்க் கண்ணாடி முழுக்க வெள்ளை, நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, சுண்டு விரலால் வழித்து நாக்கில் வைத்துவிட்டேன், ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர், அந்த ஏமாற்றம் இப்போதும் நாக்கில் இருக்கிறது, டெரன்ஸ் மின்கோபுரக் கம்பெனியில் இருக்கிற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டான், என் பெஞ்சாதி காரை நக்கிப் பார்த்தா என்று. அரேபியா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சேலையாக அடுக்கிக்கொண்டு வந்தவள் நான், இங்கே வடக்கே, எல்லைப் பக்கம், மாசி மாதத்திலும் காலையில் பைப்பைத் திறந்தால் தண்ணீர் வர யோசிக்கிறது. ஆனால் பூ. இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. கார்த்திகையில் இரண்டு மழை, அவ்வளவுதான், தை முடிவதற்குள் கல்லும் சரளையுமாகக் கிடந்த இடம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம், குசாமா என்கிறார்கள், ஒரு சாணுக்கு மேல் வளராது, நாலு இதழ், கிட்டத்தில் போனால் வாசனை, அடக்கமான வாசனை, பூசைக்குப் போகும்போது தலை நிறைய எண்ணெய் வைத்து ஒரே ஒரு கனகாம்பரத்தைச் செருகிக்கொள்ளும் பெண்பிள்ளை மாதிரி, கனகாம்பரத்துக்கு எங்கே வாசனை, உளறுகிறேன், பி.எஸ்ஸி. பாட்டனி படித்துவிட்டு இப்படி உளறுகிறேன். ராத்திரி குளிரில் செடி கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், இலையைத் தொட்டால் முறியும் போல இருக்கும், சரி, செத்துவிட்டது என்று அவனுக்கு லீவான ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இங்கே வந்து நான் நினைக்கிறேன், பத்து மணிக்குப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நிற்கிறது, அடுத்த தடவையும் செத்துவிட்டது என்றுதான் நினைப்பேன், எனக்குப் பாடம் ஏறாது.

ஏறாது, ஏனென்றால் அந்த ஒரு நிமிஷம். பிறந்ததும் அவள் அழவில்லை. எல்லாரும் சொல்வார்கள், அழுகைச் சத்தம் கேட்டதும் வலியெல்லாம் போய்விடும் என்று, நான் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், சத்தம் வரவில்லை, நர்ஸ் ஒருத்தி அரபியில் ஏதோ எண்ணுகிறாள், வாஹித், இத்னேன், தலாத்தா, எனக்கு அரபியில் எண் மட்டும்தான் தெரியும், காய்கறி வாங்கப் பழகியது, வேறொன்றும் தெரியாமல் எண் மட்டும் தெரிவது எவ்வளவு பெரிய தண்டனை, பிறகு அழுதாள், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், பிறகு பெரிசாக, பிறகு நிறுத்தவேயில்லை. டாக்டரம்மா சிரித்தாள், சில பிள்ளைகள் அப்படித்தான், குறையில்லை, நல்ல பிள்ளை. மூன்று தடவை பரிசோதித்தாயிற்று, மூன்று தடவையும் நல்ல பிள்ளை. காகிதத்தில் எழுதி முத்திரையும் குத்தித் தந்திருக்கிறார்கள். ஆனால் என் ஆள்காட்டி விரல் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லையே. அவள் தூங்கினால் அது தானாக எழுந்து போய் அவள் மூக்குக்குக் கீழே நிற்கிறது, குறுக்காக, மீசை மாதிரி, இளஞ்சூடாக ஒரு காற்று வந்து மோதும்வரை நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வந்தது, சரி, போய்ப் படு, படுத்ததும், இப்போது வந்தது சரி, இதற்கடுத்தது? அதற்கடுத்தது? இப்படி ஆறு மாதம். சோறு வடிக்கும்போது கஞ்சி கொதிப்பதை விட்டுவிட்டு ஓடுவேன், குளிக்கும்போது சோப்பு நுரையோடு ஓடுவேன், டெரன்ஸ் ஒரு நாள் சிரித்துச் சிரித்து, "ஏ பிலோ, பேசாம ஒன் வெரல அங்கயே ஒட்டி வெச்சிட்டுப் போயேன்," என்றான். அம்மா போனில் சிரிக்கவில்லை. "ஒனக்கு அங்க ஆளில்ல பிள்ள, அதான் பயம், இங்க வந்திரு, நாங்க நாலு பேரு இருக்கோம், ராத்திரி நா பாத்துக்கிடுதேன், நீ ஒறங்கு." உறங்கு. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கண் கலங்குகிறது. கம்பெனியில் ஒரு குடும்பம் வியாழக்கிழமை ஊருக்குப் போகிறது, கூடப் போகலாம், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். போனால் உறங்கலாம். ஆனால் அங்கே போனாலும் என் விரல் என் கையில்தானே இருக்கும், அதை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது என்று அம்மாவிடம் கேட்டேன். "கோட்டி, சரியான பைத்தியம்," என்றாள்.

இப்போது விரலுக்கு வேறு வேலை இருக்கிறது, கேமராப் பொத்தானை அமுக்க வேண்டும். சாக்கு விரித்துக் குப்புறப் படுத்திருக்கிறேன், ஸ்வெட்டரின் முன்பக்கம் ஈரம் ஏறுகிறது, முழங்கைக்குக் கீழே ஒரு கல், எடுக்க முடியாது, அசைந்தால் முக்காலி அசையும். இந்தச் செடியைப் போன வெள்ளிக்கிழமையே பார்த்து வைத்தேன், தனியாக நிற்கிறது, பின்னால் இடைஞ்சல் இல்லை, மேட்டில் சூரியன் ஏறியதும் முதல் கதிர் நேராக இதன் முதுகில் விழும், அப்போது இதழ் ஓரத்து உறைபனி ஒவ்வொரு நுனியும் பற்றிக்கொண்ட மாதிரி எரியும், ஐந்து நிமிஷம், அதிகம் போனால் ஆறு, பிறகு தண்ணீர்ச் சொட்டு, பிறகு வெறும் பூ. எனக்கு அந்த ஐந்து நிமிஷம் வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமை தோற்றாயிற்று. முதல் வாரம் குளிரில் பேட்டரி செத்துப்போனது, அதனால் இப்போது இன்னொரு பேட்டரியை உள்ளே, மார்போடு சேர்த்து வைத்திருக்கிறேன், பால் கட்டிக் கனக்கிற இடத்தில் ஒரு சதுரமான சூடு, கேமராவும் என்னிடம்தான் பால் குடிக்கிறது. இரண்டாவது வாரம் என் மூச்சே கெடுத்தது, கண்ணை வைத்துக் குவியத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறேன், என் கண் முன்னாலேயே ஒரு இதழின் வெள்ளை கரைந்து போகிறது, என்ன ஏது என்று புரியவில்லை, பிறகுதான் புரிந்தது, நான் விடுகிற மூச்சுச்சூடு, ஒரு சாண் தூரத்திலிருந்து நானே ஊதி ஊதி உருக்கியிருக்கிறேன். மூன்றாவது வாரம் எல்லாம் சரியாக இருந்தது, சூரியன் வந்தது, பனி எரிந்தது, நான் காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன், விரல் போ என்றது, போனேன், மிரியம் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆக, இன்றைக்குக் கழுத்துத் துண்டை வாயைச் சுற்றிக் கட்டி மூச்சைத் தோள்பக்கமாக விடுகிறேன், அமுக்குகிற நேரத்தில் மூச்சைப் பிடிக்க வேண்டும், அதில் எனக்கு அனுபவம் உண்டு, ஆறு மாதமாகப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன். அடுத்த வாரம் குளிர் விட்டுவிடும் என்கிறார்கள், இதுதான் கடைசி உறைபனி. கடைசி என்று நினைத்ததும் மார்பில் சுரீர் என்றது, பால் இறங்குகிறது, அவளை நினைத்தால் போதும், இதற்கு வெட்கமே கிடையாது. முழித்துவிட்டாளோ. எனக்குப் பால் இறங்குகிற நேரத்தில் அவள் அங்கே முழிப்பாள் என்று அம்மா சொல்வாள். முழித்தால் அழுவாள். அழுதால் இரண்டு விரக்கடை ஜன்னல் வழியாகக் கேட்கும். கேட்கவில்லை. ஆக முழிக்கவில்லை. ஆக தூங்குகிறாள். ஆக. இல்லை, அந்தப் பக்கம் போகாதே, பூவைப் பார், நாலு இதழ், பெரிய இதழில் ஒரு சுருக்கம், சுருக்கத்தில் பனி ஒரு வரி எழுதியிருக்கிறது, பூவைப் பார்.

வாட்ச் கட்டிக்கொண்டு வரவில்லை, கட்டினால் அதையே பார்ப்பேன், ஜெபமாலை சொன்னால் பதினெட்டு நிமிஷம் ஆகும், அது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே மணிக்கணக்கு, ஹாஸ்டலில் முட்டை வேக அரை ஜெபமாலை என்று நாங்கள் கணக்குச் சொல்வோம், ஒரு ஜெபமாலை முடிந்தால் சூரியன் மேட்டுக்கு வந்துவிடும். விரலை மடித்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜெபமாலையில் வெள்ளிக்கிழமை என்றால் இயேசு பாடுபட்ட துயர் மறை உண்மைகள்தான் சொல்ல வேண்டும், ஆனால் இன்றைக்கு எனக்குத் துயரம் தாங்காது, பாடுகளும் முள்முடியும் வேண்டாம், ரகசியமாகத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன், மகிழ்ச்சி மறை உண்மைகள், மாதா கோபிக்க மாட்டாள், அவளும் பிள்ளை பெற்றவள், சிஸ்டர் ப்ரிமோஸா கோபிப்பார். சிஸ்டர் ப்ரிமோஸா எங்கள் கான்வென்டில் ஏழாம் வகுப்புக்கு மறைக்கல்வி எடுத்தவர், நோட்டுக்கு அட்டை போடாவிட்டால் அழுதுவிடுவார், நம்மையும் அழவைப்பார். இப்போது எத்தனையாவது, ஐந்தாவது, அதற்குள் வந்துவிட்டேனா, ஐந்தாவது என்றால் காணாமல் போன பிள்ளை இயேசுவைக் கோயிலில் கண்டெடுத்தது. எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, முக்காலி ஆடும். ஏழாம் வகுப்பில் நான் எழுந்து நின்று கேட்டேன், "சிஸ்டர், திருவிழா முடிஞ்சு மாதா ஒரு நாள் பூரா நடந்து போயிருக்காங்களே, பிள்ளை கூட வருதான்னு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலயா?" சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "பிலோமினா, ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!" மணி அடிக்கிறவரை கரும்பலகைக்குப் பக்கத்தில் உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன், இதே ஆள்காட்டி விரல், அப்போது என் மூச்சு அதில் மோதியதை நான் கவனித்தேன், உள்ளே வெளியே உள்ளே வெளியே, நிற்காமல், நான் ஒன்றும் செய்யாமல், அரை மணி நேரம் என் மூச்சை நானே வேடிக்கை பார்த்தேன், அது தண்டனையாகவே தெரியவில்லை. அட. பதிமூன்று வருஷம் கழித்து இந்தச் சரளைக் காட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு அதை இப்போது நினைக்கிறேன். சிஸ்டர், நான் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அப்போது எனக்கு மாதா மேல் கோபம், இப்போது பொறாமை. ஒரு நாள் முழுக்க! பன்னிரண்டு வயசுப் பிள்ளை, சரி, ஆனாலும் ஒரு நாள். சொந்தக்காரர்களோடு வருவான் என்று நினைத்தாளாம். யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி முன்னால் பார்த்து நடந்திருக்கிறாள். வழியில் பூ இருந்திருக்கும். அதுவும் இந்த மாதிரி ஊர்தானே, இந்த மாதிரிப் பங்குனிக்கு முன்பின்தானே.

வந்துவிட்டது. மேட்டின் விளிம்பில் ஒரு பொட்டு, பொட்டு கோடாகிறது, கோட்டிலிருந்து வெளிச்சம் தரையோடு தரையாகச் சரளை மேல் உருண்டு வருகிறது, ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் பின்னால் ஒரு நீள நிழல், நிழலுக்குள் நீலம், வெளிச்சத்தில் பொன், என் செடிக்கு இன்னும் பத்தடி, எட்டடி, மூச்சைத் தோள்பக்கம் விடு, குவியம் சரி, விரல் பொத்தானில், ஐந்தடி, அப்போதுதான் அந்தச் சத்தம் நின்றது. இவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. கார் எஞ்சின். எஞ்சினை நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்துகிறான். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேனே, மூன்று தடவை சொன்னேனே, டீசல் தீர்ந்ததா, நேற்றுத்தான் போட்டான், எஞ்சினை எதற்கு நிறுத்துவார்கள், இறங்குவதற்கு, எதற்கு இறங்குவார்கள், பின் கதவைத் திறக்க. எதற்கு. பாலைவனம் முழுக்க நிசப்தம், என் காதுக்குள் என் ரத்தம், வாஹித், இத்னேன், தலாத்தா, கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது, தசை இழுக்கிறது, திரும்பினால் தெரிந்துவிடும், திரும்பினால் போச்சு, திரும்பாவிட்டால் என்ன போகும், பந்தயமா பெரிசு, பைத்தியக்காரி, பிள்ளையா பந்தயமா, எழுந்திரு. எழுந்திருக்க முடியவில்லை. பயத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது, நிஜமாகவே, நெஞ்சு ஏறவுமில்லை இறங்கவுமில்லை, கை மரக்கட்டை, அந்த நேரம் பார்த்து வெளிச்சம் செடிக்கு வந்தது. நான் பார்க்கிறேன். கண் மட்டும் உயிரோடு இருக்கிறது. நாலு இதழ் ஓரத்திலும் ஒவ்வொரு ஊசிமுனையும் தனித்தனியாகப் பற்றுகிறது, வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு பெயரில்லாத ஒரு நிறம், அளத்தில் சூரியன் விழும்போது பாத்தி முழுக்க ஒரு கணம் அந்த நிறம் வரும், அப்பா சைக்கிளை நிறுத்திக் காட்டுவார். விரல் அமுக்கியது. நான் அமுக்கச் சொல்லவில்லை. க்ளிக். மறுபடி. க்ளிக். இதழில் ஒரு துளி வெள்ளைகூடக் கரையவில்லை, மூச்சு இருந்தால்தானே கரையும்.

காலடிச் சத்தம். பின்னால். சரளையில் உறைபனி நொறுங்குகிற சத்தம், அப்பளம் மாதிரி, வேகமாக வருகிறது, நடையில்லை, பாதி ஓட்டம், டெரன்ஸ் எப்போதும் காலை இழுத்து இழுத்து நடப்பான், இப்படி வர மாட்டான், நல்ல செய்தியை யாரும் ஓடிவந்து சொல்வதில்லை, சாமி, ஐந்தாவது மறை உண்மையில் நான் சிரித்தேன், அதற்காகவா. அப்போதும் திரும்பவில்லை. வைராக்கியத்தில் இல்லை, திரும்பினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரியாத ஒரு நிமிஷம் இன்னும் எனக்கு வேண்டியிருந்தது. காலடி என் குதிகாலுக்குப் பக்கத்தில் நின்றது. மூச்சு வாங்குகிறது அவனுக்கு. "பிலோ," என்றான். "பிலோ, திட்டாத." திட்டாதே என்றால்? திட்டாதே என்று எதற்குச் சொல்வார்கள், செத்ததற்கு யாரும் திட்டாதே என்று சொல்ல மாட்டார்கள், திட்டாதே என்றால் பால் புட்டியை உடைத்ததற்கு, திட்டாதே என்றால் எல்லாம் உயிரோடு இருக்கிறது. "என்னங்க?" என்று கேட்டது என் குரல்தான், எங்கிருந்தோ. "முழிச்சிட்டா," என்றான், "அவளா முழிக்கல, நாந்தான் எழுப்பிட்டேன்." "எதுக்கு எழுப்புனீங்க?" சரளையில் கால் மாற்றி நிற்கிறான். பிறகு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி, "அவ அசையவே இல்லட்டி. ரொம்ப நேரமா கண்ணாடில பாத்துக்கிட்டே இருக்கேன், கொஞ்சங்கூட அசையல. மூச்சு கேக்குதான்னு பாத்தேன், எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அதான் ஆஃப் பண்ணேன். ஆஃப் பண்ணியும் கேக்கல. சரி, ஒரே ஒரு தடவ…" "ஒரே ஒரு தடவை?" "வெரல வெச்சேன்." "எங்க?" "எங்கன்னு தெரியாத மாதிரி கேக்க பாரு. வெரலு குளுந்து கெடந்ததா, அவ திடுக்குனு முழிச்சிட்டா, முழிச்சி, என்னயப் பாத்து மொறச்சிட்டு, சிரிச்சிட்டா. அதான் தூக்கிட்டு வந்துட்டேன். தனியா அங்க இருக்க முடியல." யாருக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்று நான் கேட்கவில்லை.

சிரிப்பு எனக்கு வயிற்றிலிருந்து வந்தது, சாக்கின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன், முக்காலி ஆடியது, ஆடட்டும், அவனும் சிரிக்கிறான், கொஞ்சம் கோபத்தோடு, "சிரி, நல்லா சிரி, ஆறு மாசமா இத எப்படித்தான் தாங்குத நீ? எனக்கு இருவது நிமிசத்துல ஈரக்கொல நடுங்கிப் போச்சி." ஆறு மாதத்தில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லாரும் ஏன் பயப்படுகிறாய் என்று கேட்டார்கள், அம்மா, டாக்டரம்மா, இவனும்தான், எப்படித் தாங்குகிறாய் என்று இப்போதுதான் ஒரு ஆள் கேட்கிறான். "தாங்கலங்க," என்றேன், "அதான் ஓடுனேன்." "இனி ஆளுக்கு ஒரு நாள் ஓடுவோம்," என்றான், "ஒங்க அம்மா நாலு பேரு இருக்கோம்னாங்கல்லா, இங்க ரெண்டு வெரலு இருக்குன்னு சொல்லிரு." எழுந்து உட்கார்ந்து, இப்போது திரும்பலாம் என்று நினைத்துத் திரும்புவதற்குள் அவன் தடுத்தான், "ஏய், நில்லு நில்லு, பனி உருகிட்டா? ரூல்ஸ் ரூல்ஸு," என் தோளைப் பிடித்துப் பூப்பக்கமே திருப்பி உட்காரவைத்துவிட்டு, மிரியத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து எனக்கு முன்னால், செடிக்கு அந்தப் பக்கம், முழங்கால் போட்டு உட்கார்ந்தான். "இப்பப் பாரு. நீ திரும்பல. அவதான் வந்திருக்கா." குல்லா ஒரு கண்ணை மறைத்திருக்கிறது. மூக்கு சிவந்திருக்கிறது. எனக்கு முதலில் புரியவில்லை, அவள் முகத்துக்கு முன்னால் ஏதோ வெள்ளையாக ஒன்று, பஞ்சு மாதிரி, வந்தது, போனது, மறுபடி வந்தது, பின்னாலிருந்து விழுகிற வெயிலில் பொன்னாகி, கலைந்து, மறுபடி ஒன்று. மூச்சு. அவளுடைய மூச்சு. எங்கள் ஊரில் யாருடைய மூச்சையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை, பயம் என்றால் விரலைத்தான் வைக்க வேண்டும், அம்மா வீட்டில் இருபது பேர் இருந்தாலும் விரலைத்தான் வைக்க வேண்டும், இங்கே இந்தக் குளிரில் அது தானாக வெளியே வந்து நிற்கிறது, இதோ, இதோ என்று, எட்டடி தூரத்திலிருந்தும் தெரியும், கூழாங்கல்லுக்குக்கூடத் தெரியும்.

மிரியம் பூவைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவன் பிடியிலிருந்து குனிகிறாள், குனிந்து, அவள் புதிதாகக் கற்றுக்கொண்ட அந்தச் சத்தம், "ஹா." ஒரு பெரிய பொன் பஞ்சு நேராகச் செடி மேல் போய் விழுந்தது. "ஏய் ஏய், போச்சி, அம்மா படம் போச்சி!" என்று டெரன்ஸ் பதறி இழுக்கிறான், நான் விடுங்க என்றேன், கண்ணைக் கேமராவில் வைத்தேன், குவியத்தை எங்கே வைப்பது என்றுகூட யோசிக்கவில்லை. ஹா. என் உப்பெல்லாம் ஒவ்வொரு இதழாகக் கரைகிறது, ஓரம் முதலில், பிறகு அந்தச் சுருக்கத்தில் எழுதியிருந்த வரி, பிறகு ஒரு சொட்டு நுனியில் தொங்கி, நடுங்கி, விழுந்தது. ஹா, ஹா, அவளுக்கு வேலை பிடித்துவிட்டது. மார்பு இரண்டும் நனைந்து, பேட்டரியும் நனைந்திருக்கும், ஊருக்கு இன்றைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது, முதலில் இந்தப் படத்தை அனுப்புவேன், அம்மா படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு இது என்னட்டி புகை என்பாள், பிள்ளைக்குக் குல்லாவை ஒழுங்காகப் போடு என்பாள், பிறகு வியாழக்கிழமை என்ன ஆச்சு என்று கேட்பாள். நாளை ராத்திரி விரல் மறுபடி எழுந்து போகும், தெரியும், எனக்குப் பாடம் ஏறாது. போகட்டும், பாதி தூரத்தில் இன்னொரு விரல் எதிரே வரும். "உருகிட்டுங்க," என்றேன். டெரன்ஸ் குனிந்து ஒவ்வொரு இதழாக, அம்பயர் மாதிரி, மெனக்கெட்டுச் சோதித்தான். "இந்த ஓரத்துல ஒரு பொட்டு இருக்கு," என்றான். மிரியம் அதையும் ஊதினாள்.